இரண்டாவது பாய்லர்

மேடம்,

உங்கள் பச்சை வயர் கூடை இன்று காலை கிடைத்தது. நேர்காணல் அறையின் இரும்பு பீரோவில், பழைய விண்ணப்பக் கட்டுகளுக்குப் பின்னால், தண்டனை வாங்கிய பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வெளியே இழுத்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. உள்ளே ஒரு மடக்குக் குடை, கண்ணாடித் தாளோடு இளகி ஒட்டிப்போன ஏழெட்டு மிட்டாய்கள், நீங்கள் கைப்பட எழுதிய பேருந்து நேரங்கள். ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு முன்பே எறும்பு வந்து சேர்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இருந்திருந்தால், "என்ன மூர்த்தி சார், காலையிலேயே அசைவமா?" என்று கேட்டிருப்பீர்கள்.

அறையில் வேறு யாரும் இல்லை. அதனால் அதையும் நானே கேட்டு, நானே சிரித்துக்கொண்டேன். நீங்கள் போன இந்த ஒரு வருடமாக இந்த அரிசி மில்லில் எனக்கு அதுதான் வேலை. சம்பளத்துக்குப் பார்க்கும் நிர்வாக அலுவலர் வேலை தனி.

நீங்கள் பொது மேலாளராக வந்து உட்கார்ந்த முதல் நேர்காணல் நாள் நினைவிருக்கிறதா? நடு நாற்காலியில் நீங்கள். இடப்பக்கம் தொப்பையும் மீசையுமாக நான். வந்த பதினான்கு பேரும் என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். கேள்வி உங்களிடமிருந்து போனது. பதில் என் மீசைக்கு வந்தது. கடைசியாக வலங்கைமானிலிருந்து ஒரு பாலிடெக்னிக் பையன் தன் அப்பாவோடு வந்தான். அப்பா நேராக என்னிடம் வந்து, "ஐயா, பையனை உங்க கையில ஒப்படைக்கிறேன்" என்றார். நான் பதறிப்போய், "அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்கதான் முடிவு பண்ணணும்" என்று உங்களைக் காட்டினேன். மனிதர் உங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டதுபோலத் தலையாட்டினார்.

"அது சரிங்க ஐயா. எங்க வீட்டுலயும் அதே கதைதான்."

எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். அந்தப் பையனுக்கு வேலையும் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் நம் இருவருக்குமான சொத்து. முதலாளி நீங்கள் போட்ட உத்தரவைத் தலைகீழாக மாற்றும் போதெல்லாம், என் பக்கம் சற்றுச் சாய்ந்து, "எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்பீர்கள். நான் இருமுவதுபோலச் சிரிப்பேன்.

அன்று மாலைதான் பெஞ்சு யோசனை வந்தது உங்களுக்கு. "இந்த ரூமுக்குள்ள வந்தா எல்லாரும் பொய் சொல்றாங்க, மூர்த்தி சார். நாமளும்தான். உண்மையெல்லாம் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கு" என்றீர்கள். அடுத்த நேர்காணலுக்கு இந்தக் கூடையோடு வந்தீர்கள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டீர்கள். கேட்டுக்குப் பக்கத்தில், புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில், வேலை கேட்டு வந்தவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டீர்கள். பார்த்தால் யாரோ ஒருவருடைய அம்மா. துணைக்கு வந்த அக்கா. மிட்டாய் கொடுத்தால் ஊரே பேசும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

பெஞ்சில் எல்லோரும் உங்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "யாரு கூட வந்தீங்கம்மா?" நீங்கள் அலுவலகப் பக்கம் கையைக் காட்டி, "உள்ள ஒருத்தர் இருக்கார், அவரோட வந்தேன்" என்பீர்கள். இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது, "மேடம், அந்த ஒருத்தர் நானா?" என்று கேட்டேன். "பின்ன? இந்தக் கம்பெனியில எனக்கு வேற யாரு இருக்கா?" என்றீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் போகவே கால் கூசுகிறது.

இப்போது நம் லேபில் இருக்கும் கலைச்செல்வி வேலை கேட்டு வந்த நாளைச் சொல்ல வேண்டும். அறைக்குள் அந்தப் பெண், "சவாலான பணிச்சூழலை எதிர்பார்க்கிறேன்" என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். ஆனால் அதற்கு அரை மணி நேரம் முன்பு பெஞ்சில் உங்கள் காதருகே குனிந்து, "இங்க லேடீஸ் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்குமாம்மா? போன கம்பெனியில ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில நின்னு கதவைப் பிடிச்சுக்கணும்" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் உள்ளே வந்து என்னிடம், "நம்மகிட்ட இருக்கா?" என்றீர்கள். பதினோரு வருடமாக இந்தக் கட்டடத்துக்கு நான்தான் பொறுப்பு. எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால், ஆணியில் சுற்றிய சணல் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பித்தளைத் தாழ்ப்பாள் வந்தது. அதே பெஞ்சில் வேறு ஒருத்தி, ஐந்து நாற்பது பஸ்ஸை விட்டால் குத்தாலத்துக்கு அப்புறம் எட்டு மணிக்குத்தான் என்று சொன்னாள். பகல் ஷிப்டு இருபது நிமிடம் முன்னால் நகர்ந்தது.

"நாம கூப்பிட்டு அவங்களைக் கேள்வி கேக்கறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அவங்க டீக்கடையிலயே நம்மளை இன்டர்வியூ பண்ணி முடிச்சிட்டுத்தான் உள்ள வர்றாங்க" என்பீர்கள் அடிக்கடி.

டீக்கடை. இனிமேல் வருவதை உங்கள் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயால் பிழைக்கிறவனுக்கு வரக்கூடாத நோய்.

வியாழக்கிழமை நேர்காணலுக்குச் செவ்வாய்க்கிழமை என்று போட்டு ஏழு பெண்களுக்குக் கடிதம் அனுப்பினேன் ஒரு தடவை. வலங்கைமான் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கேட்டில் வெயிலில் நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. நீங்கள் அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, சாப்பாடு போட்டு அனுப்பினீர்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அலுவலகமே வேடிக்கை பார்க்க, பத்து நிமிடம். "நடவு வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க, மூர்த்தி சார். உங்களுக்கு அது ஒரு எழுத்துப் பிழை" என்றீர்கள். ஒரு சொல்கூட அநியாயம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நேராக எதிரிலிருந்த சேகர் கடைக்குப் போனேன். சேகர் என்னைப் பார்த்து, "என்ன சார், முகம் வெந்து போயிருக்கு?" என்றான். பந்தை இப்படிக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

"என்ன பண்றது சேகரு. எங்க மில்லுல ரெண்டு பாய்லர். ஒண்ணு நெல்லை வேக வைக்குது. ரெண்டாவது சேலை கட்டிக்கிட்டு வந்து எங்களை வேக வைக்குது."

லாரி டிரைவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். சேகர் ஒரு மெதுவடையை எடுத்து, "இது நம்ம கணக்கு சார்" என்று நீட்டினான். சூடாக இருந்தது. சாப்பிட்டேன். உங்களை நான் ஒரு மெதுவடைக்கு விற்ற இடம் அது, மேடம்.

ஜோக்குக்குக் கால் முளைத்தது. தவிடு ஏற்றிய லாரிகளில் குத்தாலம் போனது, மயிலாடுதுறை போனது. ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே அதைச் சொல்லி, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். சிரித்தேன். சொன்னால் கேவலம்தான், சொந்தச் சரக்கு ஊர் சுற்றுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அது பெஞ்சுக்கு வந்தது. குத்தாலத்து எலெக்ட்ரீசியன் பையன் ஒருவன், நீங்கள் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உங்களிடமே, "உங்க ஆளு உள்ள போயிருக்காராம்மா? பாவம். ரெண்டாவது பாய்லர்னு ஒரு மேடம் இருக்காங்களாம், மாட்டினா புழுங்கல்தானாம்" என்று சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு, தன் பேரைக் கூப்பிடும் முன்பே ஃபைலை எடுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டான்.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். கூடையைக் கீழே வைத்தீர்கள்.

"மூர்த்தி சார், நம்ம மில்லுல ரெண்டு பாய்லராமே. ரெண்டாவதுக்கு இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் குடுத்தாச்சா?"

"யாரு மேடம் அப்படிச் சொன்னது?" என்றேன். என் குரல் எனக்கே யாரோபோலக் கேட்டது.

"தெரியல. ஆனா நல்லா யோசிச்சிருக்காங்க. மில்லு உள்விவரம் தெரிஞ்ச ஆளு" என்று சொல்லி, அடுத்த விண்ணப்பத்தை எடுத்தீர்கள்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். முதலாளி உங்களை நிர்வாக இயக்குநர் ஆக்குவதாகச் சொல்லியிருந்த வருடம் அது. ஆறு வருடம் இந்த மில்லை நீங்கள்தான் நடத்தினீர்கள். நாற்காலியின் பெயர் மட்டும்தான் பாக்கி. கூட்டத்தில் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்மா வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா வேலைக்கு வர்ற பசங்களே ரெண்டாவது பாய்லர் அது இதுன்னு பேசிட்டுத் திரும்பிப் போறாங்களாமே. இவங்களை எம்.டி. ஆக்கினா ஆளே வரமாட்டான். என்ன மூர்த்தி, ஆள் எடுக்கறது நீதானே? அப்படியா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அது நான் சொன்னதுங்க.' மூணு சொல். உலகத்தில் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும்.

"அப்படி ஒரு பேச்சு இருக்குங்க" என்றேன்.

நீங்கள் மெதுவாக, "பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றீர்கள். "ஊர் பேச்சும்மா, எங்கேருந்துன்னு தேடறது?" என்றார் முதலாளி. நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள். பேனாவைப் பார்த்தீர்கள். சுவர்க் காலண்டரைப் பார்த்தீர்கள். அந்த அறையில் நீங்கள் பார்க்காத ஒரே பொருள் நான்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உங்களுக்குத் தெரியும் என்று.

முதலாளியின் அண்ணன் மகன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் போட்ட சத்தத்தில் புறாக்கள் ஷெட்டை விட்டுப் பறந்தன. டீக்கடை அவருக்கு வைத்த பெயர், 'கண்டிப்பான ஆளு'.

கூட்டத்துக்கு மறுநாள் மதியம் நான் சாப்பாட்டு அறைக்கு வரவே பயந்தேன். நீங்கள் வழக்கம்போல டப்பாவைத் திறந்து, தரங்கம்பாடியிலிருந்து உங்கள் தம்பி கொடுத்தனுப்பிய வஞ்சிர வறுவலில் பாதியை என் மூடியில் வைத்தீர்கள். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றீர்கள். சாப்பிட்டேன். என்னுடைய பிரச்சினையே அதுதான், எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுவிடுவேன். அதற்குப் பிறகும் மூன்று வருடம் என் ஜோக்குகளுக்கு நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் "எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எத்தனையோ தோதான சமயம் வந்தது. நான் தலையைச் சாய்த்துக்கூடக் காத்திருந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது, ஒரு பை சாத்துக்குடியோடு வந்து பதினோரு ஜோக் சொன்னேன். பன்னிரண்டாவதாகச் சொல்லத்தான் வந்திருந்தேன். நர்ஸ் வந்துவிட்டாள். நர்ஸ் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். கிளம்பும்போது, "பெஞ்சுல யாராவது உக்காருங்க, மூர்த்தி சார். காலியா விட்டுடாதீங்க" என்றீர்கள். சரி மேடம் என்றேன். உங்களைத் தரங்கம்பாடியில் மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்று, பஸ்ஸில் அத்தனை கூட்டத்திலும் எனக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. அந்த அதிசயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பெஞ்சு ஒரு வருடம் காலியாகத்தான் கிடந்தது. இன்று நேர்காணல். கூடை கையில் வந்த பிறகு வேறு வழியில்லை. என் அடையாள அட்டையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாலு பேர் இருந்தார்கள். மீசையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். புதிதாக வாங்கி வந்த மிட்டாயை நீட்டினேன், ஒருவரும் வாங்கவில்லை. ஐம்பத்திமூன்று வயது ஆண் மிட்டாய் நீட்டினால் யார் வாங்குவார்கள்? நான் ஃபோனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டார்கள்.

ஃபிட்டர் வேலைக்கு வந்த ஒரு பையன், பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னான். "லேப்ல கலைச்செல்வினு ஒரு மேடம் இருக்காங்களாம், அவங்களைத்தான் அடுத்து ஜி.எம். ஆக்கப் போறாங்களாம். டீக்கடையில இப்பவே பேர் வெச்சாச்சு. மூணாவது பாய்லர்."

"அப்ப ரெண்டாவது?" என்றாள் அந்தப் பெண்.

"அது செத்துப்போச்சாம்."

இருவரும் சிரித்தார்கள். தப்பாகச் சிரிக்கவில்லை, மேடம். நன்றாக அமைந்த ஜோக்குக்குச் சிரிக்கிறமாதிரிதான் சிரித்தார்கள். எங்கே, எப்படி நிறுத்த வேண்டும் என்றுகூட அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

கூடையோடு முதலாளி அறைக்குப் போனேன். அவர் கூடையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, காய்கறியா?" என்றார்.

"கலைச்செல்வி விஷயம் என்னாச்சுங்க?"

"அதான் யோசனையா இருக்கு. நல்ல பொண்ணுதான். ஆனா அந்தப் பாய்லர் கதை மறுபடியும் ஆரம்பிச்சிடும்யா. வர்ற பசங்க பேச்சு நமக்கு முக்கியம்ல."

"அது பசங்க பேச்சு இல்லைங்க. நான் சொன்னது. நான் ஒரு தப்பு பண்ணினேன், மேடம் திட்டினாங்க, நேரா சேகர் கடையில போய்ச் சொன்னேன்."

முதலாளி சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் ஜோக் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு உன்னைக் கேட்டேனேய்யா. பேச்சு இருக்குன்னல்ல சொன்ன?"

"இருந்துச்சுங்க. நான்தான் வெச்சிருந்தேன்."

நெல் வேகும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைங்க. மீன் குடுத்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "வெள்ளிக்கிழமை கலைச்செல்வியை வரச் சொல்லு, பேசுவோம்" என்றார். சரி என்று சொல்லவில்லை. பேசுவோம் என்றுதான் சொன்னார். உங்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை அந்த அறையில் நானும் இருப்பேன், வாயோடு. சேகர் கடைக்கும் போக வேண்டும். அது இதைவிடக் கஷ்டம். ஜோக் இல்லாமல் நான் வந்து நின்றால் அங்கே யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது.

திரும்பிப் பெஞ்சுக்கு வந்தேன். பையன் சான்றிதழ் காட்ட உள்ளே போயிருந்தான். அந்தப் பெண் மட்டும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

"சார், நீங்க யாரு கூட வந்தீங்க?"

"ஒரு மேடத்தோட வந்தேம்மா."

"அவங்க உள்ள இருக்காங்களா?"

உள்ளே பார்த்தேன். கண்ணாடிக் கதவு வழியாகக் காலியான நடு நாற்காலியின் முதுகு தெரிந்தது.

"இல்லம்மா, முன்னாடியே போயிட்டாங்க. கூடையை என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தவள், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "இங்க அஞ்சு நாப்பது பஸ்ஸுக்கு விடுவாங்களா சார்?" என்றாள். கூடைக்குள் கையை விட்டு, நீங்கள் எழுதிய தாளை எடுத்து அவளிடம் காட்டினேன். ஐந்து நாற்பதுக்கு அடியில் நீங்கள் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்.

"விடுவாங்கம்மா" என்றேன்.

மூர்த்தி